மூன்றாம் மக்ரோவுக்குப் பிறகு

மகனே,

நீ கொழும்புக்குப் போய் இன்றைக்குப் பதினொரு நாள். காலையில் உன் மேசையைத் துடைத்தபோது, பழைய மடிக்கணினியின் மேல் நீ ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் துண்டை மறுபடியும் வாசித்தேன். ‘அம்மா, எல்லாம் ஒழுங்காக்கியாச்சு. ஒண்டு மட்டும் ஏனெண்டு விளங்கேல்லை. அழிக்கட்டோ?’ போகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். நீ ஒட்டிய அன்றே பார்த்துவிட்டேன். 

புறப்படுவதற்கு முந்தின கிழமை, ஏழு நாளும், நீ என் பழைய கோப்புகளோடு இருந்தாய். வேலைக்குப் போகமுன் கை பழகட்டும் என்றாய். எக்செல்லில் ஒரே வேலையைத் தானாகத் திருப்பிச் செய்கிற மக்ரோக்கள் நாற்பதுக்கு மேல் அதற்குள் கிடந்தன. ‘புதிசு’, ‘புதிசு2’, ‘கடைசி’ என்று நான் வைத்த பெயர்களைப் பார்த்து, “அம்மா, கடைசிக்குப் பிறகும் நாலு கடைசி இருக்கு” என்று சிரித்தாய். ஒவ்வொன்றையும் திறந்து, அது என்ன செய்கிறது என்று மேலே ஒரு வரி எழுதி, பெயர் மாற்றி, தனித்தனிக் கோப்புறைகளில் போட்டாய். ‘எல்லாம்’ என்ற ஒன்றில்தான் நின்றாய். “இது மற்ற ஆறையும் வரிசையாய்க் கூப்பிடுது, வேற ஒண்டும் இல்லை. இதை ஏன் தனிய வச்சிருக்கிறியள்?” என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அடுப்பில் பால் இருக்கவில்லை.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ மகிழ்ச்சியாகப் பேசினாய். நீ வேலை செய்கிற கந்தோரில் ஆட்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் பிரிக்கிற வேலை உன்னிடம் வந்திருக்கிறது, மூன்று பேர் ஒரு கிழமை இருந்து செய்ததை நீ ஒரு பட்டனுக்குள் கொண்டுவரப் போகிறாய் என்றாய். நல்லது அப்பு என்றேன். அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் இடையில் நீ எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குவாய். நானும் அதை வாங்கிக்கொள்வேன்.

அந்தக் கோப்புகள் உண்டான வேலையில் நான் சேர்ந்தபோது உனக்குப் பத்து வயது. யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வந்து தோட்டவெளியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். மன்னார் பட்டினத்தில் நான் சேர்ந்த தொண்டு நிறுவனம், முசலிப் பக்கம் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. தொண்ணூறில் இயக்கத்தால் துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டு, கடல் வழியாகவும் கால்நடையாகவும் புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டிலிலும் இருந்தவர்கள். அவர்களின் பழைய வீட்டு வளவுகளில் முள் உடை மரம் காடாக வளர்ந்திருந்தது. அதை வெட்டி, தகரத்தால் ஒரு மறைப்புப் போட்டு, பாதிக் குடும்பம் இங்கேயும் பாதிக் குடும்பம் புத்தளத்திலுமாக இருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, காணி இங்கே. வேறு எப்படி இருப்பது?

ஆனால் நிறுவனத்தின் விதி வேறு. உண்மையாக வந்து குடியிருப்பவர்களுக்குத்தான் வீடு. வெளிக்கள அலுவலர் இரண்டு முறை போய்ப் பார்ப்பார். இரண்டு முறையும் ஆளில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடி. கடிதம் போன நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் முறையிடலாம். அதற்குப் பிறகு பட்டியல் கொழும்புக்குப் போய்விடும்.

பட்டியல் என் கையில் இருந்தது. ஊர் ஊராக வருகிற தாள்களை எக்செல்லில் ஏற்றி, ஒன்றாக்கி, பிரித்து, கடிதம் அச்சடிக்க வேண்டும். ஒரே வேலையை நானூறு தடவை செய்து விரல் மரத்துப்போன ஒரு நாளில்தான் மக்ரோவைக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பதிவு செய்கிற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைச் செய்தால், நான் செய்த ஒவ்வொன்றையும் அது நினைவில் வைத்துக்கொண்டு திருப்பிச் செய்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வரவில்லை. ஒன்று, ஊர்ப் பட்டியல்களை ஒன்றாக்கியது. இரண்டு, அடையாள அட்டை இலக்கங்களைச் சரிபார்த்தது. மூன்று, இரண்டு முறையும் ‘ஆளில்லை’ என்று இருந்த குடும்பங்களின் நிரைகளுக்கு மஞ்சள் பூசியது. நான்கு, மஞ்சள் நிரைகளைத் தள்ளுபடித் தாளுக்கு மாற்றியது. ஐந்து, கடிதம் அச்சடித்தது. ஆறு, கொழும்புக்குப் போகிற பட்டியலைத் தயாரித்தது. ஆறுக்கும் ஆறு பட்டன்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நான் ஒரு வேலை செய்வேன். மஞ்சள் நிரைகளின் கடைசி நிரலில், வலது ஓரப் பத்தியில், சூசை அண்ணையின் குறிப்புகள் இருக்கும். அவர்தான் வெளிக்கள அலுவலர். உனக்கு ஞாபகம் இருக்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கட்டியிருப்பார். அவர் எழுதுவதைச் சுருக்கி எழுதத் தெரியாதவர். ‘மகளுக்குச் சோதனை. முடிய வருவினம். வாழைக்கண்டு வச்சிருக்கினம், தண்ணி ஊத்திற ஆள் பக்கத்து வளவில.’ ‘கதவு பூட்டு. அடுப்புச் சாம்பல் சூடாய்க் கிடக்கு. கடலுக்குப் போயிருப்பினம்.’ நான் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பேன். காரணம் இருந்தால் மஞ்சளை எடுத்துவிடுவேன். அதற்கு அரை நாளுக்கு மேல் பிடிக்கும். “அண்ணை, நீங்கள் கதை எழுதிறியள். ஓம், இல்லை எண்டு மட்டும் போட்டா என்ன?” என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன். “வாசிக்க ஆளிருக்கெண்டுதானே பிள்ளை எழுதிறன்” என்றார்.

எங்கள் பெரியவர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், கொழும்பிலிருந்து யாரும் வந்தால் என் மேசைக்குக் கூட்டி வருவார். தங்கச்சி பட்டன் வைத்திருக்கிறா, பாருங்கோ என்பார். ஒருநாள் வந்தவர்களில் ஒருவர், ஆறு எதற்கு, ஒன்றாக்கலாமே என்றார். அன்று பின்னேரமே ஒன்றாக்கினேன். ஆறையும் வரிசையாகக் கூப்பிடுகிற ஏழாவது ஒன்று. அதற்கு ‘எல்லாம்’ என்று பெயர் வைத்தேன். ஒரு முறை அழுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அச்சியந்திரத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. சேர் கை தட்டினார்.

வாசிக்கிற வேலை அதற்குள் இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை. பதிவு செய்கிற பொத்தான் என் விரல் செய்ததை எல்லாம் எடுத்துக்கொண்டது. கண் செய்ததை எடுக்கவில்லை. அதற்குப் பட்டன் இருக்கவில்லை, ஆகவே அது ஒரு வேலை என்பதே எனக்கு மறந்துபோனது. அத்தோடு, குறிப்பு நிரல் நீளமாக இருந்து தாளுக்கு வெளியே போகிறது என்று, அச்சடிக்கமுன் அந்த நிரலை மறைத்துவிடும்படியும் ஒரு வரி சேர்த்தேன். தாள் அழகாக வந்தது.

பல வருடம் நான் எனக்குள் வேறு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் உனக்குக் கொப்புளிப்பான், உடம்பெல்லாம் அம்மை, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தேன், நாலு மணிக்கு வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது என்று. நீ அந்தக் கோப்புகளைத் திகதிப்படி ஒழுங்காக்கியபோதுதான் நான் பார்த்தேன். ‘எல்லாம்’ உண்டானது உனக்கு அந்த வருத்தம் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன். ஆகவே அதை உன் தலையில் போட முடியாது. ஒருவர் பாராட்டினார், அதற்காகச் செய்தேன்.

ஹாஜரா அக்கா என்ற பெண் வந்தது, ‘எல்லாம்’ ஓடி மூன்று மாதம் கழித்து. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தா. கூட வந்த அவவின் தம்பி வாசலில் நின்றுகொண்டார். கையில் எங்கள் கடிதம். மழையில் நனைந்து காய்ந்து மொறமொறவென்று இருந்தது, வேலித் தகரத்தில் செருகியிருந்ததைப் பக்கத்து வளவுக்காரர் எடுத்து வைத்திருந்தாராம். என் முன்னால் இருந்த கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

நின்றபடியே சொன்னா. கணவனும் தானுமாக வந்து வளவை வெட்டித் துப்புரவாக்கி, கிணறும் வெட்டினார்களாம். மகளைப் பார்க்கப் புத்தளத்துக்குப் போன இடத்தில் மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அவ அங்கேயே இத்தா இருந்தா. உனக்குத் தெரியும், கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற கடமை அது. எங்கள் ஆள் போய்ப் பார்த்த இரண்டு நாளும் அந்த நாலு மாதத்துக்குள் விழுந்தன. கடிதம் போனதும் அதற்குள். முறையிடுகிற இரண்டு கிழமையும் அதற்குள்தான். இத்தா முடிந்து மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்திருக்கிறா.

“மோட்டச் சைக்கிள்ல வந்த அந்த அண்ணனுக்கு என்ட காக்கா எல்லாம் சொன்னவர். எழுதிக்கிட்டுத்தான் போனாராம் தங்கச்சி” என்றா. காக்கா என்று தமையனைத்தான் சொன்னா.

கோப்பைத் திறந்தேன். நூற்றுப் பதினேழாம் நிரை. மறைத்திருந்த நிரலைத் திறந்தேன். சூசை அண்ணை எழுதியிருந்தார்: ‘கணவர் மௌத். மனைவி புத்தளத்தில இத்தா. நாலு மாதம் பத்து நாள் முடிய வருவா எண்டு தமையன் சொன்னவர். கிணறு வெட்டியாச்சு, நல்ல தண்ணி. இவவை விடக்கூடாது.’

கடைசி இரண்டு சொல்லையும் எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. பிறகு அந்த நிரலை மறுபடியும் மறைத்தேன். திரையை அவவுக்குத் தெரியாதபடி திருப்ப வேண்டியிருக்கவில்லை, அவ அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

“கொம்பியூட்டர்தான் அப்பிடித் தெரிவு செய்யுது அக்கா. எங்கட கையில இல்லை” என்றேன்.

அவ கடிதத்தை நாலாக மடித்தா. “அப்ப எங்களப் போகச் சொல்ல துவக்கோட வந்தாங்க. இப்ப கடுதாசி வருது. அப்ப போகச் சொன்னது ஆருண்டாவது தெரிஞ்சிச்சு” என்றா. போகும்போது வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி, “வாறன் தங்கச்சி” என்றும் சொன்னா. அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

மகனே, இனித்தான் நான் சொல்ல வந்தது. நான் அன்றே சேரிடம் போய், பிழை என்னுடையது, குறிப்பை வாசிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பட்டியலைத் திருப்பி எடுத்தால் மற்றக் குடும்பங்களுக்கும் பிந்தும், சேர் சம்மதிக்க மாட்டார் என்று எனக்கு நானே சொன்னேன். அவர் சம்மதித்திருப்பாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து சூசை அண்ணை என் மேசைக்கு வந்தார். ஹாஜரா அக்காவின் தமையன் அவரைச் சந்தியில் கண்டிருக்கிறார். “பிள்ளை, என்ர குறிப்பைப் பாத்தனியோ?” என்று மட்டும் கேட்டார். “பாத்தனான் அண்ணை” என்றேன். பார்க்கவில்லை என்றிருந்தால் ஒரு பிழை. பார்த்தேன் என்றதால், பார்த்துவிட்டும் தள்ளினவள் ஆனேன். அது எனக்கு அந்த நேரம் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த ஊர்த் தாள்கள் வந்தபோது குறிப்பு நிரலில் ‘ஓம்’, ‘இல்லை’ என்று மட்டும் இருந்தது. வேலை முடியும் வரைக்கும் அப்படித்தான். நான் திரும்ப வாசிக்கத் தொடங்கியபோது வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இதில் எனக்கு அறியாமை என்று சொல்லவும் வழியில்லை. முகாமில் நாங்கள் வரிசையில் நின்ற நாள் உனக்கு ஞாபகம் வராது. பதிவு நடந்த அன்று நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபடியால் பதிவில் உன் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. மேசையில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்தா, உன்னைப் பார்த்தா, பேனாவை எடுத்து ஓரத்தில் உன் பெயரை எழுதினா.  நான் அவவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அப்படி ஒருத்தியின் கையால் பட்டியலுக்குள் வந்தவர்கள் நாங்கள்.

உனக்கு நினைவிருக்கிற ஒரு நாளுக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து வீடுகளைக் கையளித்தபோது பள்ளிக்கூட விடுமுறை, உன்னையும் நிறுவனத்தின் வான் வண்டியில் கூட்டிப்போனேன். வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வரிசையாக வீடுகள், வாசலில் பலூன். நடுவில் ஒரு வளவு மட்டும் வெறுமையாக இருந்தது. தகரக் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டிருந்தது, பூட்டுத் துருப்பிடித்திருந்தது. வெட்டின இடமெல்லாம் உடை மரம் மறுபடியும் முழங்காலளவு வந்திருந்தது. வெயில் தாங்காமல் நீ அந்த வளவுக்குள் போய், கிணற்றில் அள்ளிக் குடித்தாய். வாளி பக்கத்து வீட்டுக்காரருடையது. அந்த ஊர் முழுக்கத் தண்ணீர் உப்பு. “அம்மா, இது நல்ல தண்ணி” என்று கத்தினாய். பிறகு என்னிடம் வந்து, “இவைக்கு மட்டும் ஏன் வீடு இல்லை?” என்று கேட்டாய்.

“அவையள் வரேல்லை” என்றேன்.

நீ சரி என்று தலையாட்டிவிட்டு வானுக்குள் ஏறினாய். உனக்குப் பன்னிரண்டு வயது. நான் சொன்னதை நம்பாமல் இருக்க உனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

உன் வேலை பற்றி நான் என்ன சொல்ல? மக்ரோக்களை ஒழுங்காக வைப்பதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். ஒவ்வொன்றுக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, அது எதைச் செய்யாது என்றும் ஒரு வரி எழுது. அந்த மூன்று பேரின் வேலையைப் பட்டனுக்குள் போடமுன் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க இரு. அவர்களின் கையை மட்டும் பார்க்காதே. எந்த இடத்தில் கை நிற்கிறது, எதை வாசிக்கிறார்கள், யாருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள் என்று பார். கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாமல் இருக்கும். எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் உன் பட்டனும் நிற்கட்டும். நேரம் போகும், உன் மேலதிகாரிக்குப் பிடிக்காது. அவர் கை தட்ட மாட்டார்.

இந்த வருடம் தவக்காலத்தில் தேவாலயத்துக்கு வெளியே சூசை அண்ணையைக் கண்டேன். நரைத்துப்போனார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஹாஜரா அக்காவைப் பற்றிக் கேட்டேன். புத்தளத்தில் மகள் வீட்டில் இருந்தாவாம், போன வருடத்துக்கு முந்தின வருடம் மௌத்தாகிவிட்டாவாம். அங்கேயே அடக்கம். “நான் அண்டைக்குக் குறிப்பைப் பாக்கேல்லை அண்ணை” என்றேன். அவர் மோட்டார் சைக்கிளில் திறப்பைச் செருகினார். “அது எனக்குத் தெரியும் பிள்ளை. ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானும் சேரிட்ட வந்து நிண்டிருப்பன்” என்றார். பிறகு வெயில் ஏறுகிறது என்று போய்விட்டார்.

‘எல்லாம்’ என்ற அந்த மக்ரோவை அழிக்காதே. ஓட்டவும் வேண்டாம். நீ செய்த ஒழுங்கில் அதற்கு மட்டும் மேலே வரி இல்லாமல் இருக்கிறது. அதை நான் நேற்று எழுதினேன்: இது குறிப்பை வாசிக்காது, வாசிக்க வேண்டியவள் நான். நூற்றுப் பதினேழாம் நிரையையும் திறந்து வைத்திருக்கிறேன், நிரலை மறைக்கவில்லை. வரும்போது பார்.

அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அவர்கள் வந்தார்கள், மகனே. வந்து, காடு வெட்டி, கிணறும் வெட்டினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் நீ குடித்தாய்.

அம்மா